பட்டம் வாங்காத மெக்கானிக், பிடிவாதக்கார முதலாளி: ‘ஹோண்டா’வை உருவாக்கிய சோய்சிரோ ஹோண்டாவின் கதை

உலகத்தில் இதுவரை அதிக எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட மோட்டார் வாகனம் எது தெரியுமா? ஃபோர்டு கார் இல்லை. டொயோட்டா காரும் இல்லை. 1958-ல் ஜப்பானில் வெளிவந்த 50 சிசி குட்டி டூ வீலர் ஒன்று. பெயர் ‘சூப்பர் கப்’. 2017 அக்டோபரில் அதன் மொத்தத் தயாரிப்பு 10 கோடியைத் தொட்டது.

அதை உருவாக்கியவர் இன்ஜினீயரிங் பட்டம் எதுவும் இல்லாத ஒரு மெக்கானிக். சைக்கிள் கடைக்காரரின் மகன். போரில் ஒரு தொழிற்சாலையையும், நிலநடுக்கத்தில் இன்னொரு தொழிற்சாலையையும் இழந்தவர். கிட்டத்தட்ட 40 வயதில் மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தவர்.

அவர்தான் சோய்சிரோ ஹோண்டா. இன்று நம்ம தெருவில் ஓடும் ஆக்டிவாவிலும், சிட்டி காரிலும் இருக்கிற பெயர் அவருடைய குடும்பப் பெயர்தான். ஆனால் அவருடைய கதை வெறும் வெற்றிக் கதை இல்லை. அவரது பிடிவாதம்தான் அந்த நிறுவனத்தை வளர்த்தது. அதே பிடிவாதம்தான் ஒரு கட்டத்தில் நிறுவனத்தைச் சிக்கலிலும் தள்ளியது. அப்போது அவர் எடுத்த முடிவுதான் இந்தக் கதையில் முக்கியமான இடம்.

யார் இந்த சோய்சிரோ ஹோண்டா?

1906 நவம்பர் 17-ம் தேதி, ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தில் ஹமமட்சு நகருக்குப் பக்கத்தில் உள்ள கோமியோ என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா கிஹே இரும்புப் பட்டறை வைத்திருந்தவர். பிறகு சைக்கிள் பழுதுபார்க்கும் கடை நடத்தினார். அம்மா மிகா தறி நெய்தவர்.

பள்ளிப் படிப்பில் பையனுக்கு ஆர்வம் குறைவு. இயந்திரம் என்றால் மட்டும் கண் விரியும். ஊருக்குள் முதன்முறையாக ஒரு கார் வந்தபோது அதன் பின்னாலேயே ஓடினார். தரையில் சிந்திய எண்ணெயின் வாசனை கடைசி வரை மறக்கவில்லை என்பதைப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

1917-ல் ஆர்ட் ஸ்மித் என்ற அமெரிக்க விமானி ஹமமட்சுவில் விமான சாகசம் காட்ட வந்தார். பத்து வயது சோய்சிரோ, வீட்டுக்குத் தெரியாமல் அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பெரியவர் ஓட்டுகிற சைக்கிள், சீட்டில் உட்கார்ந்தால் பெடல் எட்டாது. எப்படியோ போய்ச் சேர்ந்தால், நுழைவுக் கட்டணத்துக்குக் காசு போதவில்லை. பக்கத்தில் இருந்த பைன் மரத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

போலி முத்திரையில் மாட்டிய மாணவன்

அவரது பள்ளி நாட்களில் பிரபலமான ஒரு சம்பவம் உண்டு. மதிப்பெண் அட்டையில் பெற்றோர் தங்கள் குடும்ப முத்திரையைப் பதித்து அனுப்ப வேண்டும். மார்க்கைக் காட்டப் பயந்த சோய்சிரோ, சைக்கிள் பெடலில் இருந்த ரப்பரை வெட்டி ‘ஹோண்டா’ முத்திரையைத் தானே செய்துகொண்டார். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

விஷயம் கேள்விப்பட்ட நண்பர்கள் தங்களுக்கும் செய்து தரச் சொன்னார்கள். செய்து கொடுத்தார். அங்கேதான் மாட்டினார். ஜப்பானிய எழுத்தில் ‘ஹோண்டா’ என்று எழுதினால் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் அவருடைய முத்திரை சரியாக விழுந்தது. மற்ற பெயர்களைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிச் செதுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. நண்பர்களின் முத்திரைகள் எல்லாம் இடவலம் மாறி விழுந்து, குட்டு வெளிப்பட்டது.

இந்த முத்திரை விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். பிறகு தேவைப்படும்.

குழந்தை பார்க்கும் வேலையில் இருந்து ரேஸ் கார் வரை

1922-ல் பள்ளி முடிந்ததும், பத்திரிகை விளம்பரத்தில் பார்த்த ‘ஆர்ட் ஷோகாய்’ என்ற கார் ஒர்க் ஷாப்பில் சேர டோக்கியோ போனார். 15 வயது. கையில் ஸ்பேனர் கிடைக்கும் என்று நினைத்துப் போனவருக்கு முதல் சில மாதங்கள் கிடைத்த வேலை, முதலாளியின் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பார்த்துக்கொள்வது. ஊருக்கே திரும்பிவிடலாமா என்றுகூட யோசித்தார். ஒரு நாள் வேலை குவிந்தபோது, வந்து கை கொடு என்று முதலாளி கூப்பிட்டார். அன்று காருக்கு அடியில் போனவர்தான்.

1923 செப்டம்பரில் டோக்கியோவைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. ஒர்க் ஷாப் எரிந்துபோனது. மெக்கானிக்குகளில் பெரும்பாலானோர் சொந்த ஊர்களுக்குப் போய்விட்டார்கள். போகாமல் நின்ற சிலரில் சோய்சிரோவும் ஒருவர். எரிந்துபோன கார்களைத் திரும்ப ஓட வைக்கும் வேலை கைக்கு வந்தது. ஆள் குறைந்ததால், சாதாரணமாகப் பல வருஷம் காத்திருந்து கற்க வேண்டிய வேலைகளைச் சில மாதங்களில் கற்றார்.

முதலாளி யூசோ சகாகிபாராவுக்கு ரேஸ் மேல் ஆசை. பழைய கர்டிஸ் விமான இன்ஜினை வைத்து ஒரு ரேஸ் கார் கட்டினார்கள். 1924-ல் அந்த கார் பந்தயத்தில் ஜெயித்தபோது, ஓட்டுநருக்குப் பக்கத்தில் மெக்கானிக்காக உட்கார்ந்திருந்தவர் சோய்சிரோ.

1928-ல் முதலாளி அனுமதியோடு ஹமமட்சுவில் ஆர்ட் ஷோகாயின் கிளையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு 21 வயது. அந்தக் காலத்தில் கார் சக்கரங்களின் ஆரக்கால்கள் மரத்தில் இருக்கும். அதை வார்ப்பு இரும்பில் செய்து காப்புரிமை வாங்கினார். தொழில் சூடு பிடித்தது.

ஆனால் ரேஸ் பித்து போகவில்லை. 1936 ஜூனில் தாமகாவா பந்தயத்தில் தானே கட்டிய காரை ஓட்டினார். முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது இன்னொரு காரில் மோதி, கார் உருண்டது. அவருக்குக் காயம். உடன் உட்கார்ந்திருந்த தம்பி பெஞ்சிரோவுக்கு அதைவிட மோசமாக முதுகெலும்பிலேயே அடி.

50-க்கு 3 மார்க்

ரிப்பேர் தொழில் எவ்வளவு நன்றாக நடந்தாலும் அது இன்னொருவர் செய்த பொருளைச் சரிசெய்வதுதான். தானே எதையாவது தயாரிக்க வேண்டும் என்று பிஸ்டன் ரிங்கைத் தேர்ந்தெடுத்தார். இன்ஜினுக்குள் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சிறிய வளையம் அது. பார்க்கச் சுலபம். செய்துபார்த்தால் வரவில்லை. வளையங்கள் உடைந்துகொண்டே இருந்தன.

காரணம் தேடி உள்ளூர் தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியரிடம் போனார். உலோகத்தில் சிலிக்கான் போதவில்லை என்பது தெரிந்தது. அதாவது, தனக்கு அடிப்படையே தெரியவில்லை என்று புரிந்தது. முப்பது வயதில், முதலாளியாக இருந்துகொண்டே, அதே கல்லூரியில் பகுதிநேர மாணவராகப் போய் உட்கார்ந்தார். பிஸ்டன் ரிங்குக்குத் தேவையான பாடம் மட்டும் கேட்பார். பரீட்சை எழுத மாட்டார். பட்டம் கிடையாது என்று கல்லூரி சொன்னபோது அவர் கவலைப்படவில்லை. அவருக்கு வேண்டியது பிஸ்டன் ரிங், பட்டம் இல்லை.

ரிங் தயாரிக்கும் முறை பிடிபட்ட பிறகும் சோதனை தீரவில்லை. ‘டோகாய் செய்கி’ என்ற நிறுவனத்தின் பெயரில் டொயோட்டாவுக்கு அனுப்பிய ரிங்குகளில் 50-ஐ எடுத்துச் சோதித்தார்கள். தேறியது வெறும் 3.

ஒரு பொருளைச் சரியாகச் செய்வது வேறு, அதையே ஆயிரக்கணக்கில் ஒரே தரத்தில் செய்வது வேறு. இந்தப் பாடத்தைக் கற்க அவருக்கு ஏறத்தாழ 2 வருஷம் பிடித்தது. பல தொழிற்சாலைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அலைந்து கற்ற பிறகுதான் டொயோட்டா அவருடைய சரக்கை ஏற்றுக்கொண்டது.

குண்டும் நிலநடுக்கமும்

இரண்டாம் உலகப் போர் வந்ததும் நிலைமை மாறியது. 1942-ல் டோகாய் செய்கியின் 40 சதவீதப் பங்கு டொயோட்டாவுக்குப் போனது. ஆண்கள் ராணுவத்துக்குப் போய்விட, தொழிற்சாலைக்குப் பெண்கள் வந்தார்கள். தொழிலில் புதியவர்களும் இயக்கக்கூடிய தானியங்கி இயந்திரங்களை சோய்சிரோ வடிவமைத்தார். விமானத்துக்கான மர புரொப்பல்லரை வெட்டும் இயந்திரத்தையும் உருவாக்கினார். கையால் செதுக்க ஒரு வாரம் ஆன வேலை, சில நிமிடங்களில் முடிந்தது.

1944-ல் ஹமமட்சு ஆலை அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சில் சிதைந்தது. 1945 ஜனவரி 13 மிகாவா நிலநடுக்கத்தில் இவாட்டா ஆலையும் இடிந்து விழுந்தது. சில மாதங்களில் போர் முடிந்தது. மிச்சம் இருந்ததை டொயோட்டாவுக்கே 4.5 லட்சம் யென்னுக்கு விற்றுவிட்டார்.

அடுத்து என்ன செய்தார்? ஒன்றுமே செய்யவில்லை. ஒரு வருஷம் லீவு என்று அறிவித்துவிட்டு, ஒரு டிரம் ஆல்கஹால் வாங்கி வைத்து, வீட்டிலேயே மது தயாரித்து, மூங்கில் குழல் வாசித்துக்கொண்டு பொழுதைக் கழித்தார். குடும்பத்தைச் சமாளித்தது மனைவி சாச்சி.

வெந்நீர் பாட்டிலில் ஓடிய பைக்

போருக்குப் பிந்தைய ஜப்பானில் ரயில், பஸ் எல்லாம் நிரம்பி வழிந்தன. அரிசிக்காகவும் காய்கறிக்காகவும் மக்கள் மைல் கணக்கில் சைக்கிள் மிதித்தார்கள். 1946-ல் நண்பர் ஒருவர் வீட்டில், ராணுவ வயர்லெஸ் கருவிக்கு மின்சாரம் கொடுத்த சிறிய இன்ஜின் ஒன்றை சோய்சிரோ பார்த்தார். இதை சைக்கிளில் பொருத்தினால் என்ன?

பெட்ரோல் டேங்குக்கு? குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக வைக்கப் பயன்படும் வெந்நீர் பாட்டில்தான் முதல் மாதிரியின் டேங்க். ஓட்டிப் பார்க்க அனுப்பப்பட்டவர் மனைவி சாச்சி. பரபரப்பான தெருக்களில் ஓட்டிவிட்டு வந்தவர், உடையெல்லாம் எண்ணெய் என்று புகார் சொன்னார். அந்தப் புகாரும் வடிவமைப்பில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது.

பெட்ரோல் ரேஷனில் இருந்த காலம். பைன் மர வேரில் இருந்து எடுத்த எண்ணெயைக் கலந்து ஓட்டினார்கள். கருவி ஓடும்போது எழும் ‘பட்டா பட்டா’ சத்தமே அதற்குப் பெயரானது. வாங்கி வைத்திருந்த சுமார் 500 ராணுவ இன்ஜின்களும் தீர்ந்தன. இனி சொந்தமாகத்தான் செய்ய வேண்டும். 1947-ல் ஹோண்டாவின் முதல் சொந்த இன்ஜின், ‘ஏ டைப்’, வந்தது.

1948 செப்டம்பர் 24-ம் தேதி ஹோண்டா மோட்டார் கம்பெனி பதிவானது. முதலீடு 10 லட்சம் யென். ஊழியர்கள் 34 பேர்.

முத்திரையை வாங்கிக்கொண்ட ஃபுஜிசாவா

இன்ஜின் செய்யத் தெரிந்த சோய்சிரோவுக்குப் பணம் வசூலிக்கத் தெரியாது. கடைக்காரர்கள் வண்டியை வாங்கிப் போவார்கள். பணம் வராது. 1949-ல் ‘டிரீம்’ என்ற 98 சிசி மோட்டார் சைக்கிள் வந்த அதே வருஷம், தகேயோ ஃபுஜிசாவா என்பவர் நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் இன்ஜினீயர் இல்லை, வியாபாரி.

இருவருக்கும் ஒப்பந்தம் எளிமையானது. தொழில்நுட்பம் முழுக்க சோய்சிரோவுடையது. பணம், விற்பனை, நிர்வாகம் முழுக்க ஃபுஜிசாவாவுடையது. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் வர மாட்டார். ஜப்பானில் முத்திரை என்பது நம் ஊரில் கையெழுத்து மாதிரி. காசோலை முதல் கடன் பத்திரம் வரை அது இல்லாமல் செல்லாது. சின்ன வயதில் போலி முத்திரை செய்து மாட்டிய சோய்சிரோ, தன் நிறுவனத்தின் உண்மையான முத்திரையை ஃபுஜிசாவாவிடம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு அதைத் தொடவே இல்லை.

ஃபுஜிசாவா என்ன செய்தார் என்பதற்கு ஒரு உதாரணம். 1952-ல் சைக்கிளில் மாட்டும் ‘கப்’ இன்ஜின் தயாரானபோது, மோட்டார் சைக்கிள் கடைகளை அவர் தேடவில்லை. நாடு முழுக்க இருந்த 50,000-க்கும் மேற்பட்ட சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் எழுதினார். சுமார் 13,000 கடைகள் விற்பனையாளர்களாகச் சேர்ந்தன. முன்பணமும் வந்து சேர்ந்தது. ஒரே வீச்சில் ஜப்பான் முழுக்க ஹோண்டாவுக்குக் கடை இருந்தது.

நிறுவனமே மூழ்கும் நேரத்தில் ரேஸ் அறிவிப்பு

1954-ல் எல்லாம் ஒன்றாகச் சரிந்தது. பெரிய எதிர்பார்ப்போடு வந்த ‘ஜூனோ’ ஸ்கூட்டர் எடை அதிகம், இன்ஜின் சூடாகியது. டிரீம் பைக்கிலும் புகார்கள். அதற்கு முன்பே, வெளிநாட்டில் இருந்து 45 கோடி யென்னுக்கு நவீன இயந்திரங்களை வாங்கி வைத்திருந்தார்கள். கடன் கழுத்தை நெரித்தது. ஃபுஜிசாவா ஊழியர்களிடமும் உதிரிபாக நிறுவனங்களிடமும் நிலைமையை மறைக்காமல் பேசினார். மிட்சுபிஷி வங்கி கைகொடுத்தது. நிறுவனம் நூலிழையில் தப்பியது.

இந்த நெருக்கடிக்கு நடுவில்தான், 1954 மார்ச்சில், உலகின் கடினமான மோட்டார் சைக்கிள் பந்தயமான ஐல் ஆஃப் மேன் டிடியில் ஹோண்டா கலந்துகொள்ளும் என்ற அறிவிப்பு சோய்சிரோ பெயரில் வந்தது. அதே வருஷம் நேரில் போய்ப் பார்த்தவருக்கு அதிர்ச்சி. அதே அளவு இன்ஜினில் ஐரோப்பிய பைக்குகள் ஹோண்டாவைவிட மூன்று மடங்கு சக்தி எடுத்தன. செயின், கார்புரேட்டர், டயர் என்று கிடைத்ததை எல்லாம் வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு திரும்பினார்.

1959-ல் முதல்முறை கலந்துகொண்டபோது 125 சிசி பிரிவில் 6-வது இடமும் அணிக்கான பரிசும் கிடைத்தன. 1961-ல் 125 சிசி, 250 சிசி இரண்டு பிரிவுகளிலும் முதல் ஐந்து இடங்களையும் ஹோண்டாவே பிடித்தது.

நூடுல்ஸ் டெலிவரிக்காக ஒரு பைக்

சூப்பர் கப் பிறந்த கதையும் இதே காலத்தில்தான். ஜப்பானில் நூடுல்ஸ் கடைப் பையன்கள் ஒரு கையில் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மறு கையால் சைக்கிள் ஓட்டுவார்கள். அவர்கள் ஓட்டக்கூடிய பைக் வேண்டும் என்பதுதான் சோய்சிரோ வைத்த கணக்கு. அதனால் இடது கைக்கு கிளட்ச் லீவர் இல்லை. காலால் கியர் மாற்றினால் கிளட்ச் தானாக வேலை செய்யும். பாவாடை கட்டியவர்களும் ஏறலாம் என்பதற்காக நடுவில் தாழ்ந்த சட்டம். சேறு தெறிக்காமல் முன்னால் பிளாஸ்டிக் கவசம்.

மாதிரியைப் பார்த்த ஃபுஜிசாவா 30,000 விற்கலாம் என்றார். வருஷத்துக்குத்தானே என்று நினைத்தவர்களிடம், மாதத்துக்கு என்று திருத்தினார். விற்றதா? 1960-ல் இதற்காகவே சுசுகாவில் பெரிய ஆலை கட்ட வேண்டியதாயிற்று.

1959-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் கடை திறந்தார்கள். அமெரிக்காவுக்குப் பெரிய பைக்தான் சரி என்று நினைத்து அனுப்பியவை, நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டியதும் எண்ணெய் கசிந்து, கிளட்ச் தேய்ந்து திரும்பி வந்தன. ஹோண்டா ஊழியர்கள் கடைகண்ணிக்குப் போகப் பயன்படுத்திய சூப்பர் கப்பைப் பார்த்துத்தான், இது எங்கே கிடைக்கும் என்று அமெரிக்கர்கள் விசாரித்தார்கள். மோட்டார் சைக்கிள் என்றாலே ரவுடிகள் வண்டி என்று இருந்த எண்ணத்தை, 1963-ல் தொடங்கிய ஹோண்டாவின் விளம்பரங்கள் மாற்றின. அதில் குடும்பப் பெண்களும் மாணவர்களும் சிரித்தபடி சூப்பர் கப்பில் போனார்கள்.

அரசையே எதிர்த்து கார் சந்தைக்குள்

1960-களின் தொடக்கத்தில் ஜப்பான் தொழில்துறை அமைச்சகம் ஒரு சட்டத்துக்குத் தயாரானது. கார் தயாரிப்பை ஏற்கெனவே இருக்கும் சில நிறுவனங்களோடு நிறுத்திவிடலாம், புதியவர்கள் வேண்டாம் என்பது திட்டம். சோய்சிரோ கொந்தளித்தார். அதிகாரிகளோடு நேருக்கு நேர் மோதினார்.

சட்டம் வருவதற்குள் கார் கம்பெனி ஆகிவிட வேண்டும். 1963-ல் முதலில் டி360 என்ற குட்டி லாரி, அடுத்து எஸ்500 ஸ்போர்ட்ஸ் கார். அந்தச் சட்டம் கடைசியில் நிறைவேறவே இல்லை. சாலைக் காரே இப்போதுதான் வந்திருக்கிறது, அதற்குள் 1964-ல் ஃபார்முலா 1 பந்தயத்திலும் இறங்கினார். 1965 மெக்சிகோ பந்தயத்தில் ஹோண்டா கார் வென்றது.

பிடிவாதத்தின் விலை என்ன?

இதுவரை எல்லாமே அவருக்குச் சாதகமாக முடிந்த பிடிவாதங்கள். அடுத்தது அப்படி இல்லை.

இன்ஜினின் சூட்டைத் தணிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, ரேடியேட்டர் வைத்துத் தண்ணீரால் குளிர்விப்பது. இன்னொன்று, பைக் மாதிரி நேரடியாகக் காற்றால் குளிர்விப்பது. தண்ணீரின் சூடும் கடைசியில் காற்றில்தானே போகிறது, நடுவில் தண்ணீர் எதற்கு என்பது சோய்சிரோவின் வாதம். கேட்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் பெரிய இன்ஜினில், எல்லா இடத்திலும் ஒரே சீரான வெப்பநிலையை வைத்திருக்கக் காற்றால் முடியாது.

1968-ல் அவருடைய விருப்பப்படி ஆர்ஏ302 என்ற ஃபார்முலா 1 கார் கட்டப்பட்டது. காற்றால் குளிரும் இன்ஜின், மெக்னீசியம் உடல். அணியின் முதன்மை ஓட்டுநர் ஜான் சர்டீஸ், இந்த கார் இன்னும் தயாராகவில்லை என்று ஓட்ட மறுத்தார். ஜூலை 7, பிரான்ஸின் ரூவென் பந்தயத்தில் அந்த கார் பிரெஞ்சு ஓட்டுநர் ஜோ ஷ்லெஸரிடம் கொடுக்கப்பட்டது. மழை பெய்த தடத்தில், தொடங்கிய சில சுற்றுகளிலேயே கார் தடம் விலகி மோதித் தீப்பிடித்தது. மெக்னீசியம் கொழுந்துவிட்டு எரிந்தது. ஷ்லெஸர் உயிரிழந்தார். அதே பந்தயத்தில் தண்ணீரால் குளிரும் பழைய ஹோண்டா காரை ஓட்டிய சர்டீஸ் இரண்டாவதாக வந்தார். அந்த ஆண்டோடு ஹோண்டா ஃபார்முலா 1-ஐ விட்டு விலகியது.

அதற்குப் பிறகும் சோய்சிரோ மாறவில்லை. 1969-ல் வந்த ஹோண்டா 1300 காரிலும் காற்றுக் குளிர்ச்சிதான். கார் கனமானது, சிக்கலானது, செலவு அதிகமானது. எதிர்பார்த்தபடி விற்கவில்லை. இன்னொரு பக்கம், நன்றாக விற்ற என்360 குட்டி காரில் குறைபாடு இருப்பதாகப் பயனீட்டாளர் அமைப்பு புகார் கொடுத்து, விவகாரம் சோய்சிரோ மீதான குற்றச்சாட்டு வரை போனது. அரசுத் தரப்பு வழக்குத் தொடரவில்லை. ஆனால் நிறுவனத்தின் பெயரில் கீறல் விழுந்தது.

ஆய்வுக்கூடத்தில் இளம் இன்ஜினீயர்கள் தவித்தார்கள். புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகளைச் சமாளிக்கத் தண்ணீர்க் குளிர்ச்சிதான் வழி என்று அவர்களுக்குத் தெரியும். சொல்லத்தான் பயம். சோய்சிரோவின் கோபம் அப்படி. கையில் இருக்கும் ஸ்பேனரோடு பாயக்கூடியவர் என்று பெயர் எடுத்தவர். ஊழியர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘இடி’.

கடைசியில் அவர்கள் ஃபுஜிசாவாவிடம் போனார்கள். இருபது வருஷமாக சோய்சிரோவின் தொழில்நுட்ப எல்லைக்குள் காலே வைக்காத ஃபுஜிசாவா, முதல்முறையாக வைத்தார். நீங்கள் இந்த நிறுவனத்தின் தலைவராக இருக்கப் போகிறீர்களா, இன்ஜினீயராக இருக்கப் போகிறீர்களா என்று கேட்டார். கொஞ்ச நேரம் மௌனம். தலைவராக இருப்பதுதான் சரி என்றார் சோய்சிரோ. தண்ணீர்க் குளிர்ச்சிக்கு வழி திறந்தது.

அமெரிக்காவை அதிரவைத்த சிவிசிசி

1970-ல் அமெரிக்கா காற்று மாசு சட்டத்தைக் கடுமையாக்கியது. 1975 மாடல் கார்களில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் 90 சதவீதம் குறைய வேண்டும். டெட்ராய்ட்டின் பெரிய கம்பெனிகள் முடியாது என்று கைவிரித்தன.

ஹோண்டாவின் இளைஞர்கள் சிவிசிசி என்ற இன்ஜினைச் செய்தார்கள். விஷயம் இதுதான். பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் கலந்தால் புகை குறையும், ஆனால் அந்தக் கலவை சுலபத்தில் பற்றாது. அதனால் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி அறை வைத்து, அதில் மட்டும் பெட்ரோல் அதிகமான கலவையைப் பற்றவைத்தார்கள். அந்தத் தீ பெரிய அறைக்குப் பாய்ந்து மீதியை நிதானமாக எரித்தது. புகைக் குழாயில் தனிக் கருவி எதுவும் தேவையில்லை.

1972 டிசம்பரில் அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பின் சோதனையில் 1975 விதிகளை முதலில் தாண்டியது இந்த இன்ஜின்தான். சின்ன காருக்குத்தான் இது சரிப்படும் என்ற பேச்சு வந்தபோது, செவர்லே இம்பாலா என்ற பெரிய அமெரிக்க காரின் இன்ஜினையே மாற்றி ஓட்டிக் காட்டினார்கள். அதுவும் தேறியது. ஒரு காலத்தில் 50-க்கு 47 ரிங்குகளை நிராகரித்த டொயோட்டா, இந்தத் தொழில்நுட்பத்தை ஹோண்டாவிடம் இருந்து உரிமம் பெற்று வாங்கியது. ஃபோர்டும் வாங்கியது. 1973-ல் பெட்ரோல் நெருக்கடி வந்தபோது, சிக்கனமான ‘சிவிக்’ காரோடு ஹோண்டா தயாராக நின்றது.

இந்த வெற்றியில் சோய்சிரோவை யோசிக்க வைத்த ஒரு விஷயம் உண்டு. பெரிய கம்பெனிகளை முந்த இது நல்ல வாய்ப்பு என்று அவர் உற்சாகப்படுத்தினார். இளைஞர்கள் அதை ரசிக்கவில்லை. தாங்கள் இதைச் செய்வது போட்டிக்காக இல்லை, சமூகத்துக்காக என்றார்கள். தன் பார்வை எங்கோ கம்பெனியின் லாபத்துக்குள் சுருங்கிவிட்டது, இவர்கள் தன்னைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்பது அவருக்கு உறைத்தது.

ஒரே நாளில் விலகிய இருவர்

1973-ல் நிறுவனத்துக்கு 25 வயது. விலகுவது என்று ஃபுஜிசாவா முதலில் முடிவு செய்தார். செய்தி கேட்டதும் சோய்சிரோ யோசிக்கவே இல்லை, இருவரும் சேர்ந்துதான் வந்தோம், சேர்ந்தே போவோம் என்பது அவர் நிலை. அக்டோபரில் இருவரும் ஒன்றாக விலகினார்கள். சோய்சிரோவுக்கு 66 வயது, ஃபுஜிசாவாவுக்கு 62.

அடுத்த தலைவர் யார்? மகன் இல்லை, தம்பியும் இல்லை. ஆரம்ப காலத்தில் இருந்து கூட இருந்த 45 வயது இன்ஜினீயர் கியோஷி கவாஷிமா. கம்பெனி குடும்பச் சொத்து இல்லை என்பதில் சோய்சிரோ உறுதியாக இருந்தார். கம்பெனிக்குத் தன் பெயரை வைத்ததையே தவறு என்று நினைத்தவர் அவர்.

ஓய்வுக்குப் பிறகு அவர் செய்த முதல் பெரிய வேலை, ஊழியர்களுக்கு நன்றி சொல்வது. ஜப்பான் முழுக்க சுமார் 700 இடங்கள். தொழிற்சாலை, விற்பனைக் கடை, மூலையில் இருக்கும் சர்வீஸ் சென்டர் எதையும் விடவில்லை. ஒன்றரை வருஷம் ஆனது. ஓரிடத்தில் ஒரு மெக்கானிக், கையில் கிரீஸ் இருக்கிறது என்று கழுவ ஓடினார். சோய்சிரோ தடுத்து, அந்தக் கையை அப்படியே பிடித்துக் குலுக்கினார். பிறகு தன் கையை முகர்ந்து பார்த்து, எண்ணெய் வாசனை தனக்குப் பிடிக்கும் என்றார்.

இந்தியாவுக்கு வந்த ஹோண்டா

1984-ல் ஹீரோ குழுமத்தோடு சேர்ந்து ‘ஹீரோ ஹோண்டா’ பிறந்தது. 1985-ல் வந்த சிடி 100, டூ ஸ்ட்ரோக் வண்டிகளே ஆதிக்கம் செலுத்திய நம் சாலைகளில் ஃபோர் ஸ்ட்ரோக்கின் மைலேஜைக் காட்டியது. 2010 டிசம்பரில் இரு நிறுவனங்களும் பிரிவதாக அறிவித்தன. ஹோண்டா தனியாக 2001-ல் அறிமுகப்படுத்திய ஆக்டிவா, இந்தியாவின் ஸ்கூட்டர் சந்தையையே மாற்றியது.

இறுதி ஊர்வலம் வேண்டாம் என்றவர்

1988 டிசம்பரில் ஃபுஜிசாவா காலமானார். அடுத்த வருஷம், அமெரிக்காவின் ஆட்டோமோட்டிவ் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற முதல் ஜப்பானியர் ஆனார் சோய்சிரோ. ஊர் திரும்பியதும் அந்தப் பதக்கத்தை எடுத்துக்கொண்டு ஃபுஜிசாவாவின் வீட்டுக்குப் போய், அவர் படத்துக்கு முன் வைத்தார்.

1991 ஆகஸ்ட் 5-ம் தேதி, 84 வயதில், கல்லீரல் செயலிழந்து காலமானார். கம்பெனி சார்பில் பெரிய இறுதிச் சடங்கு கூடாது என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். காரணம் என்ன தெரியுமா? கூட்டம் சேர்ந்தால் சாலையில் டிராஃபிக் ஜாம் ஆகும். கார் செய்து பிழைத்தவன் அப்படிச் செய்யக்கூடாது என்பது அவர் எண்ணம். அதே வாரம் ஹங்கேரியில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில், ஹோண்டா இன்ஜின் பொருத்திய மெக்லாரன் காரில் அயர்ட்டன் சென்னா வென்றார்.

பைன் மரத்தில் ஏறி விமானம் பார்த்தவரின் நிறுவனம், 2015-ல் சொந்த ஜெட் விமானத்தையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் சோய்சிரோ விட்டுச்சென்ற பெரிய சொத்து அதுவும் இல்லை, சூப்பர் கப்பும் இல்லை. தான் தவறு என்று தெரிந்தபோது, தன்னைவிட இருபது, முப்பது வயது குறைந்தவர்களுக்கு வழிவிட்டு நகர்ந்தார். அவருக்குப் பிறகு ஹோண்டாவின் தலைவர் நாற்காலியில் அவர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர்கூட உட்காரவில்லை.